கூரைமேல் ஆடு, தெருவில் பாவு

கைடு வேலை என்றால் கோபுரத்தைக் காட்டுகிற வேலை என்று நினைப்பீர்கள்; பாதி நேரம் அது கோபுரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, காணாமல் போன குழந்தையைத் தேடுகிற வேலை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊர் பார்க்கப் போய், பார்த்தது ஒன்றும் நினைவில்லாமல் வீடு திரும்பியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்களும் நானும் ஒரே கட்சி. நீங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பட்டதை நான் வாரத்துக்கு நாலு தடவை பட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸில் மாடிப்படிக்குக் கீழே ஆபீஸ் வைத்திருந்த ஒரு டிராவல்ஸில் எனக்குக் காஞ்சிபுரம் கைடாக வேலை. ஆறு மாதம் சோதனை. ஒவ்வொரு நாளும் சுற்றி முடித்ததும், வந்தவர்களிடம் ஒரு நீளமான நோட்டை நீட்ட வேண்டும். அவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுதுவார்கள். மூன்று புகார் விழுந்தால் சீட்டுக் கிழிந்தது. விழாவிட்டால் ஆறாம் மாதம் வேலை நிரந்தரம்.

என் அப்பா காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமமான கூரத்தில் விவசாயம் பார்த்தார். வாத்தியார் வேலைக்கு வந்த உத்தரவைத் திருப்பி அனுப்பிவிட்டு நான் இதில் சேர்ந்தது தெரிந்த அன்று அவர் கத்தவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். “வேல நிரந்தரம்னு காயிதத்தோட வா. அதுவரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத” என்றார். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ரூம் பிடித்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் கூரம் போர்டு போட்ட பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

படம் போட்ட புத்தகம்

எல்லாம் ஒரு வழவழப்பான புத்தகத்தில் ஆரம்பித்தது. எங்கள் காரில் வந்த நார்வேக்காரர் யாரோ பின்சீட்டில் விட்டுப்போனது. அவர்கள் நாட்டில் ஏதோ ஒரு மலைப் பிரதேசம். அங்கே குழந்தைகளோடு போய்ப் பார்க்க என்னென்ன உண்டு என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டிருந்தார்கள். எழுத்து எங்கள் யாருக்கும் புரியவில்லை. படம் புரிந்தது. வானத்தைத் தொடுகிற பனிமலை, அதன்மேல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நடக்கிற பிள்ளைகள். இரண்டு மலைக்கு நடுவே கரும்பச்சைத் தண்ணீர், அதில் ஒரு படகு. மலையைக் குடைந்து போகிற சிவப்பு ரயில். நீள மூக்கோடு ஒரு பூதப் பொம்மை. கடைசியாக ஒரு வீடு. அதன் கூரைமேல் புல், புல்லின்மேல் ஆடு.

எங்கள் முதலாளிக்கு அதைப் பார்த்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ‘பிள்ளைகளுக்கான காஞ்சிபுரம்’ என்று ஒரு நாள் சுற்றுலாவை அறிவித்து, பேப்பரில் விளம்பரமும் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். இதில் இருக்கிற ஒவ்வொரு படத்துக்கும் உங்கள் ஊரில் ஈடாக ஒன்று கண்டுபிடி என்றார். பங்குனி வெயிலில் பனிக்கு நான் எங்கே போவேன்? “சார், அது மலை, நம்மளது தரை” என்று இழுத்தேன். அவர் ஆட்டுப் படத்தின்மேல் விரலை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

“தணிகாசலம், அவங்களாண்ட மலையும் தண்ணியும்தான்பா இருக்குது. நம்மாண்ட ஆயிரம் வருசத்துக் கோயிலே இருக்குது, ஒரு ஆட்டைக் கூரைமேல ஏத்த முடியாதா?”

ஆடு

முதலில் சுலபமானதை முடித்துவிடலாம் என்று செவிலிமேட்டுக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாளிடம் நாலு ஆடும் ஒரு ஓலைக் கூரையும் இருந்தன. வெளியூர்ப் பிள்ளைகள் வருகிற நேரத்தில் ஒரே ஒரு ஆட்டை மேலே நிறுத்த முடியுமா என்று கேட்டு, நம்பிக்கை வருவதற்காகப் புத்தகத்தையும் பிரித்துக் காட்டினேன். அந்த அம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“ஐயய்யோ, அத்த எறக்கி உடறதுக்கு ஒரு ஆளு கூட இல்லியா பாவம், அந்த ஊட்ல?”

பனிமலை

பனிமலைக்கு ஈடாக நான் கண்டுபிடித்தது ஐஸ் பேக்டரி. சிரிக்காதீர்கள். சித்திரை மாதத்தில் காஞ்சிபுரத்து நடுத்தெருவில் நின்று யோசித்தால் உங்களுக்கும் இதைவிட நல்ல இடம் தோன்றாது. நீளமான தகர டப்பாக்களில் உறைந்த ஐஸைச் சங்கிலி போட்டுத் தூக்கிக் கவிழ்ப்பார்கள்; இடுப்புயரக் கட்டி ஆவி விட்டுக்கொண்டு மரப்பலகையில் சறுக்கி வரும். மெட்ராஸிலிருந்து ஒரு வக்கீல் குடும்பத்தை அங்கே கூட்டிப்போனேன். வக்கீலுக்குத் தண்ணீர் எப்படி ஐஸாகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் ஓடும்போது கண் ஓடாது. திரும்பிப் பார்த்தால் அவருடைய ஐந்து வயதுப் பையன் ஐஸ் கட்டியை நக்கிக்கொண்டு நிற்கிறான். கிட்டே போய்ப் பார்த்தேன். நக்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் அம்மா அலறினார். வக்கீல் பையன் தலையைப் பிடித்து இழுக்கப் போனார். “இஸ்காதீங்க சார், தோலு உரிஞ்சிடும்!” என்று மேஸ்திரி கத்திக்கொண்டே ஓடிவந்து, ஒரு சொம்புத் தண்ணீரை நிதானமாக நாக்கின்மேல் ஊற்றினார். நாக்கு விட்டது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆயிற்று. ‘என் மகனின் நாக்கை ஐஸ் கட்டியில் ஒட்டவைத்துக் காட்டினார்கள்’ என்று அந்த அம்மாள் நோட்டில் எழுதினார். முதல் புகார். கார் கிளம்பும்போது பையன் ஜன்னல் வழியாகப் பேக்டரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, அந்த மாமா இன்னொரு வாட்டி ஒட்டவைப்பாராம்மா?”

படகு

அடுத்து வந்தவர் டெல்லியில் குடியேறிய ரயில்வே அதிகாரி, ரிடையர் ஆனவர். மூன்று பேரப் பிள்ளைகளோடு வந்திருந்தார். விளம்பரத்தில் படகு என்று போட்டிருப்பதை அவர் கத்தரித்தே எடுத்து வந்திருந்தார். ஆனி மாதத்தில் பாலாற்றில் மணல்தான் ஓடும். ஆனாலும் அந்த மணலைக் கையால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஊற்று கசியும். டெல்லிப் பிள்ளைகளுக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. ஆளுக்கொரு குழி, அது முடிந்ததும் இன்னொரு குழி. பெரியவரும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படகைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. இன்றைக்கு நோட்டில் நல்ல வார்த்தை விழப்போகிறது என்று மனதுக்குள் குதித்தேன்.

எங்கள் டிரைவர் கன்னியப்பண்ணன் குழந்தை என்றால் உருகுகிற ஆள். சிணுங்கிய கடைக்குட்டிக்கு விளையாடக் கார்ச் சாவியைக் கொடுத்திருக்கிறார். அது அதைப் புதையலாக்கி ஏதோ ஒரு குழியில் போட்டு மூடிவிட்டது. எந்தக் குழிம்மா என்று கேட்டால் எல்லாக் குழியையும் காட்டுகிறது. கன்னியப்பண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. உச்சி வெயிலில் நாங்கள் பாலாற்றை உழுதோம், நெல் விதைக்காததுதான் பாக்கி. கடைசியில் டவுன் பஸ்ஸில் ஏற்றி அவர்களை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டேன். நோட்டை நீட்டினேன். பெரியவர் கோபப்படவில்லை. ஆபீசுக்கு அறிக்கை எழுதுகிறவர் போல, பேனாவை உதறிவிட்டு நிதானமாக எழுதினார்.

“படகு இல்லை. ஆறு இல்லை. சாவி இல்லை.”

பூதம்

இரண்டு புகார் விழுந்தாயிற்று. இனிமேல் வம்பே வேண்டாம், கோயிலோடு நின்றுகொள்வோம் என்று முடிவு செய்தேன். பூதப் பொம்மைக்குப் பதிலாகக் கைலாசநாதர் கோயில் யாளிகள். அங்கே அவை சுவரோரம் குழந்தை உயரத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பம்பாய்த் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு அதை விவரித்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய நாலு வயதுப் பெண் கூட இல்லை என்பதைக் கவனித்தேன். பெற்றவர்கள் கவனிக்கவில்லை. கோயிலில் வேறு ஆள் நடமாட்டமே கிடையாது. சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். பேச்சை நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று பல்லவர்களைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டே ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தேன். அந்த அப்பா என் ஈடுபாட்டைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

ஒன்பதாவதோ பத்தாவதோ அறைக்குப் பக்கத்தில், ஒரு யாளியின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து வெளியே எடுத்தேன். யாளியின் வாய் நிறைய பிஸ்கட். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பயப்படாதீங்க அங்கிள், அது கடிக்காது. அதுக்குப் பசி, அவ்ளோதான்.”

கல் சங்கிலி

வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்து மூலையில், ஒரே கல்லில் கோத்துச் செதுக்கிய சங்கிலி தொங்குகிறது அல்லவா? அதன் கீழே நின்று நான் நன்றாகப் பேசுவேன். ஒரு நாள் ஜெர்மனியிலிருந்து வந்த எட்டு வயதுப் பையன் தன் அப்பாவிடம் ஏதோ கேட்டான். இதில் எதைக் கட்டினார்கள் என்று கேட்கிறான் என்று அவர் எனக்கு இங்கிலீஷில் சொன்னார். எதையும் கட்டவில்லை என்றேன். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. இந்த மண்ணில் பிறந்து, இத்தனை நாள் இதன் கீழேயே நின்று பேசியும் ஒரு தடவை கூட இந்தக் கேள்வி என் மண்டையில் உதிக்கவில்லையே! பையன் நிமிர்ந்து சங்கிலியைப் பார்த்தான். அவன் அடுத்துச் சொன்னதையும் அவன் அப்பா கூச்சத்தோடு மொழிபெயர்த்தார்.

“பாவம், அந்தக் கல்தச்சருக்கு அவங்க வேற வேலையே கொடுக்கலையா?”

ரயில்

ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது நார்வேக்காரர்களே வந்து சேர்ந்தார்கள். கேரளத்துக் கடற்கரையில் மீன்பிடிப் படகு வேலைக்காக வந்திருந்த ஒருவர், அவர் மனைவி, இங்கிரிட் என்று ஏழு வயதுப் பெண், இடுப்பில் ஒரு சின்னப் பையன். முந்தின நாள் சாயங்காலமே வந்து பயணியர் பங்களாவில் தங்கிவிட்டார்கள். “அந்தப் புத்தகத்து நாட்டு ஆளுங்கப்பா. மானத்த வாங்கிடாத” என்று முதலாளி போனில் எச்சரித்தார். புத்தகத்தில் நான் இதுவரை தொடாமல் விட்டிருந்தது சிவப்பு ரயில் ஒன்றுதான். காஞ்சிபுரத்தில் தெரு நீளத்துக்குச் சிவப்பாக நிற்கிற பொருள் எது? பாவுதான். புடவையின் நெடுக்கில் ஓடுகிற பட்டிழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன், விடிந்ததும் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். பத்து மணி வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஏறிவிட்டால் இழையோடு இழை ஒட்டிப் பாவே பாழ்.

எனக்குப் பழக்கமான நெசவாளி சபாபதி அண்ணன் அன்று அரக்குச் சிவப்பில் பாவு போட்டிருந்தார். மூன்று கல்யாணப் புடவைக்கு ஆகிற பாவு. காலை வெயிலில் அது தெருக்கோடி வரைக்கும் மின்னியதைப் பார்த்து நார்வேக்காரர் தொப்பியையே கழற்றிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பாவை நெடுக்கில் நின்று பார்த்தால்தான் அப்படித் தெரியும். பக்கவாட்டில் நின்றால், சூரியன் கண்ணில் குத்தும்போது, இழை இருப்பதே தெரியாது. எதிர்வீட்டு வாசலில் ஒரு ஆட்டுக்குட்டி வந்து நின்றது. இங்கிரிட் அதைப் பார்த்துவிட்டு ஓடினாள்.

சத்தம் கூடப் பெரிதாக இல்லை. காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு ‘சர்’. அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. கழுத்திலும் கவுனிலும் சிவப்பு இழைகள் சுற்றிக்கொள்ள, அந்தப் பெண் நடுத்தெருவில் சிலையாக நின்றாள். சபாபதி அண்ணன் கஞ்சிக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டு வாசல்களில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள், கோலம் போட்டவர்கள் யாரும் அசையவில்லை. எனக்கு நோட்டு, வேலை, கூரத்து வாசப்படி எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தன. பிறகு சபாபதி அண்ணன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தேன். என் வேலையை நினைத்ததற்கே எனக்கு அவமானமாக இருந்தது. அப்போது அந்த வெள்ளைக்காரக் குழந்தை வாயைத் திறந்து, தெரு முழுவதும் கேட்கும்படி, சுத்த மலையாளத்தில் அலறியது.

“அய்யோ! ஞான் கண்டில்லா!”

கை

தெரு இரண்டாம் தடவையாக அதிர்ந்து போயிற்று. இரண்டு வயதிலிருந்து கொல்லத்தில் மீனவப் பிள்ளைகளோடு வளர்ந்த பெண் அவள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்க்கவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் பாவு அறுந்தால், அந்த நேரத்தில் அங்கே இருக்கிற யாரும் கை வைக்காமல் தாண்டிப் போகக் கூடாது. சைக்கிளில் போகிறவர் இறங்க வேண்டும், பால்காரர் கேனை இறக்க வேண்டும். யார் அறுத்தது என்ற பேச்செல்லாம் அப்புறம். சபாபதி அண்ணனின் மனைவி வள்ளியம்மா அக்கா உள்ளேயிருந்து வந்தார். “அக்கா, நான்தான் இட்டுக்கினு வந்தேன், தப்பு என்னுது” என்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வானத்தைப் பார்த்தார். நார்வேக்காரர் வெளுத்த முகத்தோடு பையிலிருந்து பர்சை எடுத்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

“பர்ச உள்ள போடச் சொல்லுப்பா. கை வேணும், கை! எல்லாரையும் குந்தச் சொல்லு!”

முடிச்சு

குந்தினோம். அறுந்த இழை ஒவ்வொன்றுக்கும் அதன் ஜோடியைக் கண்டுபிடித்து, விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். கேட்க எளிது. நான் கலப்பை பிடித்த குடும்பம். என் விரலுக்குப் பட்டிழை இருப்பதே தெரியவில்லை. நார்வேக்காரர் வலை பின்னத் தெரிந்தவர் போலிருக்கிறது, நாலாவது தடவையில் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி சின்னப் பையனை யார் மடியிலோ போட்டுவிட்டுச் சாம்பல் கிண்ணத்தோடு ஆள் ஆளாகப் போய்க்கொண்டிருந்தாள். இங்கிரிட்டை அக்கா தன் பக்கத்தில் உட்காரவைத்து, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரிக்கச் சொன்னார். சின்ன விரல்தான் அதற்குச் சரியாம். அவள் விசும்பிக்கொண்டே இருந்தாள். “அழுதா இழை நனையும். மூஞ்சத் தொடச்சிக்கினு பிரி” என்றார் அக்கா. அவள் தமிழுக்குத் தலையாட்டி, மலையாளத்தில் மூக்கை உறிஞ்சி, பிரித்தாள்.

இரண்டு மணி நேரம். காமாட்சி கோயில் போயிற்று, யானை போயிற்று, டிபன் போயிற்று. கன்னியப்பண்ணன் என் காதோடு, “மூணாவது புகார் நிச்சயம்பா” என்றார், முறுக்கிக்கொண்டே. கடைசி இழை சேர்ந்ததும் சபாபதி அண்ணன் எழுந்து, அறுந்த இடத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தார். இரண்டு இடத்தில் கை நின்றது. அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டு முடிச்சி தெரியுது. கட்டிக்கப்போற பொண்ணு கேட்டா, அது சீமையில இருந்து வந்த முடிச்சின்னு சொல்லிக்கிறேன், போ.”

நோட்டு

சாயங்காலம் பங்களாவில் அந்த வழவழப்பான புத்தகத்தை அவர்களிடம் காட்டினேன். நார்வேக்காரர் அதைப் பார்த்துத் திகைத்துப்போனார். அவருடைய ஊர்ப் பக்கமேதானாம். கரும்பச்சைத் தண்ணீர் வளைகிற இடத்தில் விரலை வைத்து, இதற்குப் பின்னால் என் அம்மா இருக்கிறாள் என்றார். இங்கிரிட் யாரோ ஊரைப் பார்ப்பதுபோல, நாங்கள் பார்த்த மாதிரியே பார்த்தாள். பனிமலையைத் தாண்டி, ரயிலைத் தாண்டி, ஆட்டிடம் வந்ததும் நின்றாள். பிறகு நான் நோட்டை நீட்டினேன். அவர் தன் பெண் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதி மூடிக் கொடுத்தார். பிரிக்கத் தைரியம் இல்லாமல் ரூமுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

“இன்றைக்கு நான் ஒரு பெரிய பொருளை அறுத்துவிட்டேன். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லி வேலை கொடுத்தார்கள்.”

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் மெட்ராஸுக்குப் போனேன். முதலாளி நோட்டைப் படித்தார். நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னார். எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேலை நிரந்தரம் என்று டைப் அடித்த காகிதம் மேஜைமேல் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. பேனா மூடியைத் திறந்துகொண்டே, “இதான்பா நம்ம ஐட்டம்! வாரா வாரம் ஞாயித்துக்கெழம ஒரு பாவ அறுக்க ஏற்பாடு பண்ணு. பழசா இருந்தாலும் பரவால்ல” என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆறு மாதமாக எத்தனையோ அதிர்ச்சி பட்டிருந்தேன். இதற்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

என் கண் அந்தக் காகிதத்தின் மேலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அன்று மத்தியானமே நான் கூரத்து வாசப்படியில் நிமிர்ந்து ஏறலாம். ஆனால் கஞ்சிக் கையோடு தரையில் உட்கார்ந்த சபாபதி அண்ணனிடம் போய் இதை எந்த வாயால் கேட்பது? “முடியாது சார். அது தானா அறுந்ததுனாலதான் அத்தனை பேரும் குந்துனாங்க. நம்மளே அறுத்தா ஒருத்தரும் குந்த மாட்டாங்க” என்றேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். அவர் நோட்டை இழுத்து, இங்கிரிட் சொன்னதற்குக் கீழேயே, திறந்த அதே பேனாவால் மூன்றாவது புகாரைத் தானே எழுதினார்.

“கைடு ஒத்துழைக்கவில்லை.”

களம்

காஞ்சிபுரம் திரும்பி, ரூமிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, ஆறு மாதமாக முகம் திருப்பிக்கொண்ட அந்த பஸ்ஸில் ஏறினேன். கூரத்தில் இறங்கும்போது மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. வீட்டுப் பக்கம் போகவில்லை. போக உரிமை இல்லையே. களத்தில் அறுவடை நெல்லைக் காயப்போட்டுவிட்டு அப்பா தனியாக அவசர அவசரமாக வாரிக்கொண்டிருந்தார். களத்து ஓரத்தில் பெட்டியை வைத்துவிட்டு நின்றேன். பஸ்ஸில் நெட்டுருப் போட்ட பேச்செல்லாம் மறந்துபோயிற்று. “வேல போச்சிப்பா. காயிதம் இல்ல” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அப்புறம், வள்ளியம்மா அக்கா பார்த்த மாதிரியே, வானத்தைப் பார்த்தார். நெல் வாருகிற பலகையை என் பக்கம் நீட்டினார்.

“அத்த அப்பால பேசிக்கலாம். மழ வந்துக்கினு இருக்குது, கை வையி.”

அழுதால் நெல் நனையும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதுகொண்டேதான் வாரினேன். அப்பால பேசிக்கொள்வோம் என்றவர் அதைப் பற்றிக் கடைசி வரை பேசவேயில்லை. பிறகு கன்னியப்பண்ணன் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினார். நாங்கள் இருவரும் நோட்டு இல்லாமல், படகு இல்லாமல், சாவியை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு ரொம்ப வருஷம் ஊரைச் சுற்றிக் காட்டினோம்.

பிள்ளைகளைக் கூட்டிப்போக நல்ல இடம் எது என்று இப்போதும் யாராவது கேட்டால், எதையாவது அறுத்துவிட்ட பிறகும் உட்காரச் சொல்கிற இடம்தான் என்று தயங்காமல் சொல்வேன், ஆனால் பாவு போட்டிருக்கிற தெருப் பக்கம் மட்டும் சத்தியமாக வண்டியைத் திருப்ப மாட்டேன்.